ஏற்றிய உயரத்தை இறக்கும் வேலை: செங்கோட்டையின் இளம் மெக்கானிக்குக் கடிதம்

செங்கோட்டையில் வாகனப் பட்டறைத் தொழிலில் இறங்கியிருக்கும் தம்பிக்கு,

வண்டியின் உயரத்தைக் கூட்டுவதற்காகக் காயில் ஸ்பிரிங்கோடு சேர்த்து வைக்கப்படும் ஸ்பேசரைக் கழற்றுவது, அதை மாட்டுவதைவிட எளிய வேலை என்ற எண்ணம் தொழில் பழகுவோரிடம் எளிதில் வந்துவிடுகிறது. மாட்டும்போது பெட்டியோடு வந்த தாளைப் படித்து, மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்கிறவர்கள்கூட, கழற்றும்போது அந்த நிதானத்தைக் கைவிட்டு, ஜாக்கியை ஏற்றிய கையோடு கடப்பாரையைத் தேடுகிறார்கள். உண்மையில் கூடுதல் கவனம் கேட்பது கழற்றும் வேலைதான். ஏனெனில் மாட்டியவர் யார், எந்தப் பாகத்தை மாற்றினார், எந்த போல்ட்டை அறுத்தார், எங்கே வெல்டு வைத்தார் என்று எதுவும் தெரியாத ஒரு வண்டி, எடையால் அழுந்திய ஸ்பிரிங்குகளோடு பட்டறைக்குள் வந்து நிற்கிறது. அந்த வண்டியைத் தொடுகிறவர் வேலை முடியும்வரை தம்மையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டியவை இரண்டு கேள்விகள்: இந்த நொடியில் வண்டியின் எடை எதன்மேல் நிற்கிறது, ஸ்பிரிங்கின் விசையை எது பிடித்துவைத்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் விடை தெரியாத நொடியில் கை வண்டிக்கு வெளியே இருக்க வேண்டும்.

இந்த வேலை செங்கோட்டைக்கு வருவதில் வியப்பில்லை. புளியரை, கோட்டைவாசல் வளைவுகளைக் கடந்து ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாகக் கொல்லம் செல்லும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், பண்பொழி, மேக்கரை வழியாக அச்சன்கோவிலுக்கு ஏறும் காட்டுப்பாதையும் இவ்வூரை ஒட்டியே மலையேறுகின்றன. ரயிலுக்கே பின்னாலிருந்து இன்னோர் எஞ்சின் தள்ள வேண்டியிருக்கும் மலை இது. மலைக்கும் சேற்றுக்கும் ஆசைப்பட்டு உயரம் கூட்டியவர்கள், சில மாதங்கள் ஓட்டிப் பார்த்தபின் பழைய உயரமே போதும் என்று திரும்புவதுண்டு. குண்டாறு அணைக்கு மேலுள்ள அருவிகளுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பழைய ஜீப்புகள் பட்டை ஸ்பிரிங் வண்டிகளாதலால் அவற்றின் கணக்கு வேறு. இங்கே பேசப்படுபவை மாருதி ஜிம்னி, மஹிந்திரா ஸ்கார்பியோ, 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறைத் தார் முதலிய காயில் ஸ்பிரிங் வண்டிகள். 2010இல் வந்த முதல் தாரின் பின்புறம் பட்டை ஸ்பிரிங் என்பதால், தார் என்று சொன்னாலே எந்த ஆண்டு வண்டி என்று கேட்டுவிட வேண்டும்.

ஸ்பேசர் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் புழங்குகின்றன. எது மாட்டப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் ஸ்பேனரை எடுப்பதில் பயனில்லை. முதல் வகை, ஜிம்னி போன்ற திட ஆக்ஸில் வண்டிகளுக்கு உரியது. திட ஆக்ஸில் என்பது இடச்சக்கரத்தையும் வலச்சக்கரத்தையும் ஒரே உறுதியான இரும்புக் கூடு இணைக்கும் அமைப்பு. இவ்வண்டியில் ஸ்பிரிங் தனியாகவும், அதன் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர் தனியாகவும் நிற்கின்றன. ஸ்பிரிங்கின் மேல் நுனிக்கும் சேஸிஸில் உள்ள அதன் இருக்கைக்கும் நடுவே பாலியூரித்தேன், நைலான் அல்லது அலுமினியத்தால் ஆன வளையம் ஒன்றை வைத்தால், வளையத்தின் கனம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு உயரம் வண்டிக்குக் கூடுகிறது. இரண்டாம் வகை, தாரின் முன்பக்கம்போல ஒவ்வொரு சக்கரமும் மேலும் கீழுமாக இரண்டு கைகளில் தனித்தனியே தொங்கும் அமைப்புக்கு உரியது. அங்கே ஸ்பிரிங் ஷாக் அப்சார்பரைச் சுற்றியே அமர்ந்து இரண்டும் ஒரே உருப்படியாகிவிடுவதால், ஸ்பேசர் அந்த உருப்படியின் தலைக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கலாம், அல்லது அதைப் பிரித்து ஸ்பிரிங்கின் தலைமேலேயே உள்ளே வைக்கப்பட்டிருக்கலாம். தலைக்கு வெளியே வைத்த ஸ்பேசரின் கனத்தைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை சக்கரப் பக்கத்தில் உயரம் கூடும். உருப்படியின் கால் கீழ்க்கையின் நடுப்பகுதியில் ஊன்றியிருப்பதே அதற்குக் காரணம். மூன்றாவது, ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுகளுக்கு இடையில் செருகப்படும் ரப்பர் வளையமோ, போல்ட்டைத் திருகினால் சுற்றுகளை விரிக்கும் அலுமினியப் பிடியோ ஆகும்.

மூன்றாம் வகையைப் பற்றி இங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடலாம்: அது இருக்கும் இடமெல்லாம் அகற்றத் தக்கது. ஸ்பிரிங்கின் விறைப்பு, தடையின்றி அசையும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் மாறும். சுற்று ஒன்றைப் பூட்டிவிட்டால் மீதிச் சுற்றுகளே முழு அசைவையும் வாங்குகின்றன. பிடி கடிக்கும் இடத்தில் பெயின்ட் உரிந்து, செங்கோட்டைச் சாரலின் ஈரம் அங்கே தங்கித் துரு குழிவிழுந்து, ஒருநாள் அந்த இடத்திலேயே கம்பி முறிகிறது.

உயரம் கூட்டிய வண்டியை உரிமையாளர் இறக்கச் சொல்வதற்கான காரணங்களைக் கேட்டு வைத்துக்கொள்வது வேலைக்கு உதவும். ஸ்டீயரிங் வளைவிலிருந்து தானாக நேர்நிலைக்குத் திரும்பவில்லை என்றால், கேஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பக்கவாட்டில் பார்க்கையில் பின்புறம் சாய்ந்திருக்கும் சாய்வு, குறைந்திருக்கிறது என்று பொருள். வேகத்தில் ஸ்டீயரிங் வீல் உதறுகிறது என்றால் அதே சாய்வோடு பனார்டு ராடின் புஷ்களையும் சந்தேகிக்க வேண்டும்; பனார்டு ராடு என்பது ஆக்ஸில் இடவலமாக நகராதபடி அதைச் சேஸிஸோடு கட்டும் குறுக்குக் கம்பி. வண்டியின் அடியில் புதிதாக அதிர்வு வந்தால் புரபெல்லர் ஷாஃப்ட்டின் இணைப்புகள் அவற்றுக்குரிய கோணத்தை மீறி வளைந்திருக்கின்றன. வளைவில் சாய்கிறது என்ற முறையீட்டுக்கும் கணக்கு உண்டு: சக்கர அகலத்தில் பாதியை எடைமையத்தின் உயரத்தால் வகுத்துவரும் எண் குறையக் குறைய வண்டி கவிழ்வது எளிதாகிறது. உதாரணமாக, அகலம் 1400 மி.மீ., எடைமையம் தரையிலிருந்து 700 மி.மீ. என்று கொண்டால் அந்த எண் 1; எடைமையம் 50 மி.மீ. ஏறினால் அது 0.93 ஆகிறது. கோட்டைவாசல் வளைவில் எதிரே கனரக லாரி வரும்போது அந்த ஏழு சதவீத இழப்பு ஓட்டுநருக்குத் தெரியும்.

இனி ஸ்பிரிங்குக்குள் இருக்கும் விசை. நீட்டத்துக்கும் விசைக்கும் உள்ள நேர்விகிதத்தை இராபர்ட் ஹூக் 1678இல் அச்சில் வெளியிட்டார். பட்டறைக்குத் தேவையான கணக்கு முழுவதும் அதிலேயே அடங்கும். ஒரு மி.மீ. அழுத்த 3 கிலோ எடை வேண்டிய ஸ்பிரிங் ஒன்றை எடுத்துக்கொண்டால், 100 மி.மீ. அழுத்தப்பட்ட நிலையில் அது 300 கிலோ விசையோடு தள்ளிக்கொண்டிருக்கும். அதற்குள் சேர்ந்திருக்கும் ஆற்றல், 15 கிலோ இரும்பு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அந்த அளவு ஆற்றல் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள், எந்தத் திசை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி வெளிப்படுவதே ஆபத்து. பாதுகாப்பாகக் கழற்றுவது என்று இத்தொழிலில் சொல்வதெல்லாம் அதே ஆற்றலை ஜாக்கியின் வழியாகவோ, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸரின் மரையின் வழியாகவோ மெதுவாக வெளியேற்றுவதுதான்.

வேலை தொடங்குவது ஜாக்கியிலிருந்து அன்று, விசாரணையிலிருந்து. ஸ்பேசர் தனியாக வந்திருப்பது அபூர்வம். அதோடு நீளம் கூடிய ஷாக் அப்சார்பர், பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர் தடுப்பின் கீழே வைத்த கட்டை, கேஸ்டரைச் சரிசெய்ய மாற்றிய மையம் விலகிய புஷ், நீளம் மாற்றத்தக்க பனார்டு ராடு, பிரேக் ஹோஸைக் கீழிறக்கும் பட்டை, பெரிய டயர் ஆகியவற்றுள் சிலவோ பலவோ சேர்ந்து வந்திருக்கும். ஸ்பேசரை மட்டும் எடுத்துவிட்டு இவற்றை விட்டுவைத்தால் வண்டி பழைய நிலைக்கும் திரும்பாது, புதிய நிலையிலும் நிற்காது. இவற்றுள் மிக மோசமானது ஷாக் அப்சார்பர். உயரம் கூட்டிய வண்டிக்கென்று வாங்கிய நீளமான ஷாக், வண்டி இறங்கியபின் பள்ளத்தில் விழும்போது, பம்ப் ஸ்டாப் மோதுவதற்கு முன்பே தன் முழு அழுத்தத்தை எட்டி, உள்ளிருக்கும் வால்வையோ சேஸிஸில் உள்ள பிடியையோ உடைத்துக்கொள்ளும். கேஸ்டர் புஷ்ஷை விட்டுவைத்தால் சாய்வு தேவைக்கு மேல் கூடி ஸ்டீயரிங் கனக்கும். பெரிய டயர், வண்டி இறங்கியதும் மட்கார்டை உரசும். எனவே வண்டியை ஏற்றுமுன் அடியில் விளக்குப் பிடித்துப் பார்த்து, கம்பெனிப் பாகம் அல்லாதவற்றை எல்லாம் ஒரு தாளில் எழுதி, உரிமையாளரிடம் காட்டிப் பழைய பாகங்கள் வீட்டில் இருக்கின்றனவா என்று கேட்டு, இல்லையென்றால் அவை வரும்வரை வேலையைத் தள்ளிப்போடுவதே சரி. நான்கு சக்கரத்திலும் அச்சிலிருந்து மட்கார்டு விளிம்புவரை உள்ள உயரத்தை அளந்து அதே தாளில் குறித்துக்கொண்டால், முடிவில் வண்டி எவ்வளவு இறங்கியது, எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். பட்டறை வாசலில் மழைநீர் ஓடுவதற்காக விட்ட சரிவும், சாரலில் நனைந்த மண்ணும் இந்த வேலைக்கு ஆகா. ஜாக்கி ஸ்டாண்டின் கால் மண்ணில் இறங்குவது கண்ணுக்குத் தெரியாது, வண்டி சாய்ந்த பிறகே தெரியும். இங்கே இளையவர்கள் அடிக்கடி தவறவிடும் நுட்பம் கைப்பிரேக்கைப் பற்றியது. ஜிம்னியிலும் தாரிலும் கைப்பிரேக் பின்சக்கர டிரம்களை மட்டுமே பிடிக்கிறது. பின் ஆக்ஸிலைத் தூக்கியதும் அந்தப் பிடிப்புக்கும் தரைக்கும் தொடர்பு அற்றுப்போய், முன்சக்கரங்கள் உருளத் தடையில்லாமல் நிற்கின்றன. டூ-வீல் நிலையில் வண்டியை கியரில் விட்டிருப்பதும் பயன்படாது, ஏனெனில் அப்போது எஞ்சினோடு இணைந்திருப்பவை தூக்கப்பட்ட பின்சக்கரங்களே. ஃபோர்-லோவில் போட்டு, முதல் கியரில் நிறுத்தி, தரையில் நிற்கும் இரண்டு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் ஆப்பு வைத்தபின்தான் ஜாக்கியின் கைப்பிடியைத் தொட வேண்டும். ஆப்பு என்பது சக்கரத்துக்கு ஏற்ற சரிவோடு செய்த மரமோ இரும்போ ஆகும். வழியில் கிடந்த கல் ஆப்பாகாது.

டயர் மாற்றும் வேலையில் ஸ்டாண்டை ஆக்ஸிலுக்கு அடியில் வைப்பது வழக்கம்; இந்த வேலையில் அது கூடாது. இங்கே ஆக்ஸில் கீழே இறங்க வேண்டும், உடல் மேலே நிற்க வேண்டும். ஆகவே சேஸிஸின் இரு நெடுஞ்சட்டங்களுக்கும் அடியில் ஒவ்வொரு ஸ்டாண்டு நின்று எடை முழுவதையும் வாங்கிக்கொள்ள, ஜாக்கி ஆக்ஸிலை மட்டும் தாங்கியிருக்க வேண்டும். ஹைட்ராலிக் ஜாக்கி ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் உரிய கருவி; அதன் சீல் கசிந்தால் அது அறிவித்துவிட்டு இறங்குவதில்லை. காட்டுப்பாதை வண்டிக்காரர்கள் பின்னால் கட்டிக்கொண்டு வரும் நெட்டை ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் அழுத்தம் கூடக்கூட நசுங்குபவை அல்ல; ஒரே நொடியில் பொடியாகுபவை. ஜிம்னியின் எடை ஏறத்தாழ 1200 கிலோ, தார் அதைவிடப் பல நூறு கிலோ கூடுதல் என்பதால் ஸ்டாண்டு ஒவ்வொன்றும் 3 டன் தாங்குவதாக இருப்பது நல்லது. எடையை ஸ்டாண்டின்மேல் இறக்கிய பிறகு, அடியில் நுழையுமுன், வண்டியின் பக்கவாட்டில் கைவைத்து நன்றாக ஓர் உலுக்கு உலுக்கிப் பார்க்க வேண்டும். விழுவதானால் அப்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தைச் சேஸிஸின் கீழே படுக்கவைப்பது செலவில்லாத இரண்டாம் காவல்.

திட ஆக்ஸில் வண்டியில் ஸ்பிரிங் கம்ப்ரஸர் பெரும்பாலும் தேவைப்படாது; ஆக்ஸில் போதுமான அளவு இறங்கினால் ஸ்பிரிங் தானாகத் தளர்ந்து கையோடு வந்துவிடும். ஆக்ஸில் அந்த அளவுக்கு இறங்குவதைத் தடுப்பது ஷாக் அப்சார்பர். ஆகவே ஜாக்கி ஆக்ஸிலைச் சற்று மேலே தாங்கியிருக்கும்போதே இருபுறமும் ஷாக்கின் அடி போல்ட்டையும், ஸ்டெபிலைசர் கம்பியின் இணைப்பையும் கழற்ற வேண்டும். ஜாக்கியின் தாங்கல் இல்லாமல் ஷாக்கின் போல்ட்டை உருவினால் ஆக்ஸில் முழுவதும் அந்தக் கணமே விழும். கேஸ் நிரப்பிய ஷாக்கின் தண்டு, கட்டு அவிழ்ந்ததும் மெதுவாக வெளியே நீளும். அது பழுது அன்று, ஆனால் விரல் நசுங்க அது போதும். அடுத்து, ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் இடையில் எவையெல்லாம் தொடர்ந்து ஓடுகின்றன என்று விரலால் தொட்டு எண்ண வேண்டும்: பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். சென்சார் கம்பி, ஆக்ஸில் கூட்டின் காற்றுக்குழாய். இவற்றின் பிடிகளை முன்னதாகவே தளர்த்தி, இறக்கும்போது இவற்றுள் ஒன்றும் விறைக்காமல் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆக்ஸிலின் எடையைப் பிரேக் ஹோஸ் தாங்கினால் அதன் உள்ளுறை கிழியும். வெளியே எதுவும் தெரியாது, பிரேக் மட்டும் ஒரு நாள் ஒரு பக்கமாகப் பிடிக்கும்.

ஜாக்கியை இறக்கும் நேரமே இவ்வேலையின் மிக நெருக்கடியான நேரம். ஆக்ஸில் நேர்கோட்டில் கீழே வருவதில்லை. பனார்டு ராடு அதைச் சேஸிஸின் ஒரு பக்கமாக வளைவில் இழுக்கிறது. டிராலி ஜாக்கியின் கையும் தன் அச்சைச் சுற்றி வளைவில்தான் இறங்குகிறது. இரண்டு வளைவுகளும் ஒத்துப்போகாததால் ஜாக்கியின் சக்கரங்கள் தரையில் உருண்டு அந்த வேறுபாட்டைச் சமன்செய்ய வேண்டும். அவற்றுக்குக் கட்டை வைத்துவிட்டாலோ, தரை கரடுமுரடாக இருந்தாலோ, டிஃபரன்ஷியல் கூடு ஜாக்கியின் கிண்ணத்திலிருந்து வழுக்கும். விரலிடை அளவு இறக்கி நிறுத்தி, கிண்ணம் எங்கே அமர்ந்திருக்கிறது என்று பார்த்து, மீண்டும் விரலிடை இறக்குவதே முறை. ஸ்பிரிங் கையால் ஆட்டினால் ஆடும் நிலை வந்தபின்தான் அதைத் தொட்டு எடுக்கலாம். பிரேக் ஹோஸ் அனுமதிக்கும் எல்லைவரை இறக்கியும் ஸ்பிரிங் இறுக்கமாகவே இருந்தால் அங்கே நிறுத்திக் கம்ப்ரஸரைக் கொண்டுவர வேண்டுமேயன்றி, கடப்பாரையால் நெம்பக் கூடாது. கழற்றிய ஸ்பிரிங்குகளில் இடம், வலம், மேல், கீழ் என்று சாக்பீஸால் குறிப்பது அவசியம். சில வண்டிகளில் இரு பக்க ஸ்பிரிங்குகளும் ஒன்றல்ல. ஸ்பேசரை எடுத்தபின் அதற்கு மேலோ கீழோ இருந்த கம்பெனி ரப்பர் இருக்கை நசுங்கியிருக்கிறதா என்று பார்த்து, ஸ்பிரிங்கின் கம்பி நுனி இருக்கையில் உள்ள படியில் முட்டும்படி திருப்பிவைக்க வேண்டும். நுனி படியில் முட்டாமல் ஏறி நின்றால் அந்த மூலை உயர்ந்து நிற்கும், ஓட்டும்போது டொக்கென்று ஒலித்துத் திரும்பும்.

தாரின் முன்பக்கம் போன்ற அமைப்பில் கவனிக்க வேண்டியது ஒரே நட்டு. ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த உருப்படியின் தலைத்தட்டில், சேஸிஸோடு இணைக்கும் நட்டுகள் சுற்றிலும் இருக்க, நடுவில் தனியாக ஒரு நட்டு இருக்கும். சுற்றியுள்ளவை உருப்படியை வண்டியோடு கட்டுபவை; நடுவிலுள்ளது அழுந்திய ஸ்பிரிங்கை உருப்படிக்குள் கட்டிவைத்திருப்பது. வண்டியில் இருக்கும்போது நடு நட்டைக் கழற்றத் தொடங்குகிறவர் முன்பு கணக்கிட்டதைப் போன்ற விசைக்கு நேராக முகத்தை வைத்திருக்கிறார். ஸ்பேசர் தலைக்கு வெளியே இருந்தால் நடு நட்டைத் தொடவேண்டிய தேவையே இல்லை: சுற்று நட்டுகளையும், அடி போல்ட்டையும், தேவையான பந்து மூட்டையும் கழற்றி, உருப்படியை முழுதாக வெளியே எடுத்து, ஸ்பேசரை நீக்கி, அப்படியே திரும்ப மாட்டிவிடலாம். அப்போது சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் வெளிப்புறம் சாயாதபடி கம்பியால் கட்டிவைக்க வேண்டும். சாய்ந்தால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்மூட்டு கழன்று விடும். ஸ்பேசர் மாட்டியவர் இடம் போதாமல் தலைத்தட்டின் மூல போல்ட்டுகளை அறுத்திருக்கிறாரா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். அறுத்திருந்தால் நட்டுக்குப் போதுமான மரை இராது, தலைத்தட்டையே மாற்றித்தான் ஆக வேண்டும். பூட்டு நட்டுகள் ஒருமுறைக்கே உரியவை.

ஸ்பேசர் உள்ளே இருந்தால் உருப்படியைப் பிரிக்காமல் வழியில்லை. மேஜையிலோ சுவரிலோ பொருத்திய கம்ப்ரஸரே இதற்கு ஏற்றது. செங்கோட்டையிலேயே அது இருக்கும் பட்டறை கிடைக்காவிட்டால், கழற்றிய உருப்படியைத் தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ கொடுத்தனுப்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு கொக்கித் தண்டுகள் கொண்ட கைக் கம்ப்ரஸரைப் பயன்படுத்த வேண்டிவந்தால், தண்டுகள் ஸ்பிரிங்கின் நேரெதிர்ப் பக்கங்களில் நிற்க வேண்டும். மரைக்கு கிரீஸ் தடவி, ஏர் கன் இல்லாமல், கை ஸ்பேனரால் ஒரு பக்கம் சில சுற்று, மறுபக்கம் அதே அளவு என்று மாறிமாறி இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் ஸ்பிரிங் வாழைப்பழம்போல் வளைந்து கொக்கியிலிருந்து நழுவும். தலைத்தட்டு கையால் திருப்பத் தளர்வாகும்வரை அழுத்தியபின்தான் நடு நட்டு. அந்த நேரத்தில் உருப்படியின் இரு முனைகளும் சுவரைப் பார்த்திருக்க, மனிதர் எவரும் அந்த நேர்கோட்டில் நிற்கக் கூடாது. மரை தேய்ந்த கம்ப்ரஸர், கொக்கி வளைந்த கம்ப்ரஸர், விளிம்பில் வெல்டு வைத்த கம்ப்ரஸர் ஆகியவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும். இரவல் கொடுப்பதும் தவறு.

சுற்றுக்கிடையில் செருகிய வகையை எடுக்க, சக்கரத்தைத் தொங்கவிட்டு ஸ்பிரிங்கை விரித்தாலே போதும். ரப்பர் வளையம் பிடித்திருந்தால் சோப்புத் தண்ணீர் ஊற்றி உருட்டி எடுக்கலாம், அலுமினியப் பிடியை அதன் போல்ட்டைத் தளர்த்தி எடுக்கலாம். அடம் பிடிக்கும் ஸ்பேசரின்மேல் கேஸ் வெல்டிங் சுடரைக் காட்டும் பழக்கம் மட்டும் எக்காரணத்துக்கும் வேண்டாம். பாலியூரித்தேன் எரியும்போது ஹைட்ரஜன் சயனைடு உள்ளிட்ட நச்சுவாயுக்கள் வெளிவரும். சுடர் பட்ட ஸ்பிரிங் கம்பியோ, பதம் இழந்து பிறகு எந்த நாளும் தொய்யவோ முறியவோ கூடியதாகிவிடும்.

திரும்ப மாட்டுவதில் ஒரு விதி பலருக்கும் தெரிவதில்லை. ஆக்ஸிலைச் சேஸிஸோடு இணைக்கும் கைகளின் புஷ்கள், இரும்பு உறைக்குள் ஒட்டிய ரப்பர். வண்டி அசையும்போது ரப்பர் முறுக்கிக்கொடுக்கிறதேயன்றி வழுக்குவதில்லை. ஆக்ஸில் தொங்கும் நிலையில் புஷ் போல்ட்டுகளை இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் ஒவ்வொரு நொடியும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து, விரைவில் கிழியும். உயரம் கூட்டியபோது இறுக்கிய போல்ட்டுகளுக்கும் இதே நிலைதான்: ஸ்பேசரை எடுத்தபின் அந்தப் புஷ்கள் பழைய உயரத்துக்கேற்ப அமையாமல் முறுகியிருக்கும். எனவே கைகள், பனார்டு ராடு ஆகியவற்றின் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு மூன்று முறை அமுக்கி அசைத்து, அதன் எடை சக்கரத்தின்மேல் நிற்கும் நிலையில் டார்க் ரெஞ்ச்சால் கையேட்டு அளவுக்கு இறுக்க வேண்டும். பிறகு வீல் அலைன்மென்ட், அதோடு முகப்பு விளக்கின் ஒளி விழும் உயரம். உயரம் கூட்டியவர் விளக்கைக் கீழே திருப்பியிருந்தால், இறங்கிய வண்டியில் அது சில அடி தூரத்தையே காட்டும்.

ஓட்டிப் பார்ப்பதற்குப் புளியரை மேடு ஏற்ற இடமன்று. தென்காசிச் சாலையின் சமதளத்தில் குறைந்த வேகத்தில் ஓட்டி, பிரேக் நேராகப் பிடிக்கிறதா, ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறதா, ஏதேனும் ஒலி வருகிறதா என்று பார்த்து, ஏறத்தாழ 50 கி.மீ. ஓடியபின் வண்டியை மீண்டும் வரவழைத்து எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அந்த இரண்டாம் வருகைக்கும் சேர்த்தே கூலி பேசிக்கொள்வது முறை. இல்லையென்றால் வண்டி திரும்ப வராது.

சட்டத்தைப் பற்றியும் வாடிக்கையாளரிடம் சொல்லும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்றி, அத்தடையை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு செய்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கலாம் என்று வந்தது. புளியரைக்கு அப்பால் கேரள மோட்டார் வாகனத் துறை இவ்விஷயத்தில் காட்டும் கெடுபிடியை எல்லையோர ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்ஷூரன்ஸ் சர்வேயரும் ஸ்பேசரைக் கண்டால் கேள்வி கேட்கவே செய்வார்.

முன்பக்கத்தை மட்டும் இறக்கு, பின்னால் சுமை ஏற்றுவதால் அது அப்படியே இருக்கட்டும் என்று கேட்பவர்கள் வருவார்கள். காத்திருக்கிறேன், ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொடு என்பவர்களும், ஷாக்கை அடுத்த மாதம் மாற்றிக்கொள்கிறேன் என்பவர்களும் வருவார்கள். இம்மூவருக்கும் மறுப்புச் சொல்லத் தெரிந்திருப்பது இத்தொழிலின் ஒரு பகுதி. தேய்ந்த பாகத்தை மாற்றத் தவறிய பட்டறையைவிட, பாதி இறக்கிய வண்டியைச் சாலையில் விட்ட பட்டறையே பெரிய குற்றவாளி. முதலாவது பழுதைக் கவனிக்கவில்லை, இரண்டாவது பழுதைத் தானே உண்டாக்கியிருக்கிறது.

சொந்தப் பட்டறை போடும் நாளில் பெயர்ப்பலகைக்கும் ஏர் கன்னுக்கும் முன்பாக வாங்க வேண்டியவை நான்கு 3 டன் ஸ்டாண்டுகள், நான்கு நல்ல ஆப்புகள், ஒரு டார்க் ரெஞ்ச், கையில் எடுக்கப்போகும் வண்டியின் சர்வீஸ் கையேடு ஆகியவை. அவை வந்து சேரும்வரை ஸ்பேசர் கழற்றும் வண்டி எதையும் ஏற்க வேண்டாம். அவை உள்ள இடத்துக்கு வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு, அங்கே ஒருநாள் உடன் நின்று வேலையைப் பார்த்துவர அனுமதி கேட்டுக்கொள்ளவும்.